கமிஷனா, தினச் சந்தாவா: வாடகை வண்டிச் செயலிகளின் லாபக் கணக்கு

2019இல் மட்டும் ஊபர் இழந்தது சுமார் 850 கோடி டாலர். சொந்தமாக வண்டி இல்லை, ஓட்டுநருக்குச் சம்பளமும் இல்லை. பிறகு பணம் எங்கே போகிறது?

கமிஷன் முறையை முதலில் பார்ப்போம். 200 ரூபாய் சவாரி, 25 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொண்டால் நிறுவனத்துக்கு 50 ரூபாய். பயணிக்குத் தள்ளுபடி, ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை, வரைபடச் சேவை, புகார் கவனிப்பு எல்லாம் அதற்குள்தான். தள்ளுபடியை நிறுத்தினால் பயணி அடுத்த செயலிக்குப் போய்விடுவார். ஓட்டுநரின் போனிலோ ஏற்கெனவே மூன்று செயலிகள். போதாக்குறைக்கு, "கேன்சல் பண்ணிடுங்க சார், அதே காசுக்கு நேரா போயிடலாம்" என்பார் அவர். அந்த 50 ரூபாய் இருக்கும்வரை இந்த ஆசையும் இருக்கும்.

2022இல் பெங்களூரில் வந்த நம்ம யாத்ரி செயலி அந்த ஆசையின் வேரையே வெட்டியது. கமிஷன் கிடையாது; 2023இல் வைத்த சந்தாப்படி ஆட்டோ ஓட்டுநர் நாளுக்கு 25 ரூபாய் கட்டினால் போதும் என்றது. ராபிடோவும் இந்த வழிக்கு வந்தது, 2025இல் ஊபரும் ஆட்டோக்களுக்கு இதையே ஏற்றது. ஆனால் வரவு சிறுத்துவிடுகிறது. ஒரு லட்சம் ஆட்டோக்கள் நாள் தவறாமல் கட்டினாலும் ஆண்டுக்குச் சுமார் 91 கோடி ரூபாய்தான். செலவைக் கட்டுக்குள் வைத்தால் லாபம் பார்க்கலாம்; உலகை வளைக்கும் கனவுக்கு அது காணாது. பயணிக்கும் ஓர் இழப்பு உண்டு: ஓட்டுநர் கூடுதலாகக் கேட்டால், அது உங்கள் இருவர் விவகாரம் என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும்.

கமிஷனை விடாமலே 2023இல் ஊபர் 110 கோடி டாலர் செயல்பாட்டு லாபம் காட்டியதே என்று கேட்கலாம். அதற்கு முன் சீனாவை அங்குள்ள போட்டிச் செயலி தீதியிடமும் தென்கிழக்கு ஆசியாவை அங்குள்ள கிராபிடமும் விட்டு விலகியிருந்தது. உணவு விநியோகமும் விளம்பரமும் கைகொடுத்தன. சவாரியையே நம்பியிருந்த அமெரிக்கப் போட்டியாளர் லிஃப்டுக்கு முதல் ஆண்டு லாபம் 2024இல்தான் வந்தது, அதுவும் 2.3 கோடி டாலருக்கும் குறைவு.

ஆட்டோவுக்குத் தினச் சந்தாதான் சரி என்பது என் கட்சி. விடிகாலை விமான நிலையப் பயணத்துக்கு மட்டும், வண்டி வராவிட்டால் யாரையாவது கேட்க முடிகிற கமிஷன் செயலியைத்தான் திறப்பேன். சந்தா முறைக்கு இன்னொரு தலைவலி ஜிஎஸ்டி: வரி பொருந்துமா என்று முன்னரே சொல்லும் கர்நாடகத்தின் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம், சவாரிக் கட்டணத்துக்கு நம்ம யாத்ரி அதைச் செலுத்த வேண்டியதில்லை என்றது, ஊபர் செலுத்தத்தான் வேண்டும் என்றது.