குழாயா, ஊசியா, வெறும் மூச்சா? வயிற்றுக்கும் கல்லீரலுக்கும் உள்ள பரிசோதனைகள் ஓர் அலசல்

“டியூப் விடாம பாக்கற டெஸ்ட் ஏதாவது இருக்கா டாக்டர்?” ஆர்.கே.புரத்திலிருந்து மயூர் விஹார் வரை, டெல்லியில் நம்மவர்கள் வயிற்று டாக்டரிடம் முதலில் கேட்பது இதைத்தான். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மூச்சை ஊதி, மலத்தை டப்பாவில் கொடுத்து, விலாவில் நாலு தட்டு வாங்கி, மாத்திரை அளவு கேமராவை விழுங்கி என்று பல வழிகள். ஆனால் இவற்றில் சில குழாயையும் ஊசியையும் நிஜமாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டன, சில பாதி வேலைதான் செய்கின்றன, ஒன்றிரண்டு விளம்பரத்தில் மட்டும் பலசாலி. எது எந்த ரகம் என்று தெரியாமல் பணத்தைக் கட்டினால், கடைசியில் குழாயும் உண்டு, கூடுதல் பில்லும் உண்டு.

நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். இந்தப் பரிசோதனை ‘நோய் இல்லை’ என்று சொன்னால் நம்பி எழுந்து போகலாமா? ‘இருக்கிறது’ என்று சொன்னால் அதை வைத்தே மருந்து தொடங்கலாமா, இல்லை அடுத்து குழாய்தானா?

கல்லீரல்: ஊசி ஏறக்குறைய தோற்ற இடம்

பயாப்சியில் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி விட்டு எடுக்கும் துணுக்கு, மொத்தக் கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. நோயால் கல்லீரலில் விழும் தழும்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்காது. எடுத்த இடத்தில் குறைவாகவும் பக்கத்தில் அதிகமாகவும் இருக்கலாம். பிறகு சில மணி நேரம் படுக்கையில், பி.பி. பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பெரிய ரத்தக்கசிவு அரிதுதான், ஆனாலும் நடக்கக் கூடியது. வருடா வருடம் இதைச் செய்துகொள்ள யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

இதற்கு எதிரே நிற்பவை மூன்று. முதலாவது அல்ட்ராசவுண்ட். “லம்பி சாஸ் லீஜியே… ரோக்கியே” (நீளமாக மூச்சை இழுங்கள், பிடியுங்கள்) என்று பத்து நிமிடத்தில் முடித்து, ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்துக் கலங்குகிறவர்களும் உண்டு, ‘ஒண்ணுதானே, எல்லாருக்கும் இருக்கு’ என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். அந்த கிரேடு கொழுப்பைப் பற்றியது, தழும்பைப் பற்றியது இல்லை. கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமல் இருக்கலாம், கிரேடு 1 உள்ளவருக்கு நன்றாகவே இருக்கலாம். கல்லீரலைக் கெடுத்து, அது முழுக்கத் தழும்பாகிச் சுருங்கும் சிரோசிஸ் வரை இழுத்துப் போவது தழும்புதான். அதனால் அல்ட்ராசவுண்டோடு நிறுத்தினால் கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த பதில் வேறொன்று.

இரண்டாவது ஃபிப்-4, தழும்பைக் கணிக்கும் ஒரு கணக்கு. இதற்குத் தனியாகக் காசே வேண்டாம். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் கல்லீரல் என்சைம்கள்), பிளேட்லெட் ஆகிய நான்கும் பழைய ரத்த ரிப்போர்ட்டிலேயே இருக்கும். வயதை எஸ்ஜிஓடி-யால் பெருக்கி ஒரு பக்கம் வையுங்கள். பிளேட்லெட்டை ஆயிரக் கணக்கில் எடுத்து (2.5 லட்சம் என்றால் 250) எஸ்ஜிபிடி-யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் விடை.

சாஸ்திரி பவனில் வேலை பார்க்கும் 45 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்ஜிஓடி 36, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 1620-ஐ 1750-ஆல் வகுத்தால் 0.93. 1.3-க்குக் கீழே இருப்பதால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. எடையைக் குறைத்துவிட்டுக் கொஞ்ச காலம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். இன்னொருவருக்கு வயது 58, எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 64, பிளேட்லெட் 1.5 லட்சம். 3480-ஐ 1200-ஆல் வகுத்தால் 2.9. ‘லேசா ஏறியிருக்கு’ என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடிய ரிப்போர்ட்தான் இதுவும். ஆனால் 2.67-ஐத் தாண்டிவிட்டது, உடனே கல்லீரல் டாக்டரைப் பார்க்க வேண்டும். இடையில் விழுகிறவர்களுக்கு அடுத்த கட்டச் சோதனை.

35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வராது. 65-க்கு மேல் கீழ் எல்லையை 2 என்று எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் டெல்லிக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மழை முடிந்து டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலோடு எடுத்த ரத்தத்தில் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள். டெங்கு பிளேட்லெட்டை இறக்கும், எஸ்ஜிஓடி-யை ஏற்றும். நல்ல கல்லீரலுக்கும் பயங்கரமான விடை வரும்.

மூன்றாவது ஃபைப்ரோஸ்கேன். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு மேல் வைத்தால், விலா இடுக்கில் ஜெல் தடவி ஒரு கருவியை அழுத்துவார்கள். சுண்டுவிரலால் சுண்டிவிட்டது போல ஒரு தட்டு, அப்படிக் குறைந்தது பத்து. அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை வைத்து அதன் விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்லும். தழும்பேறிய கல்லீரலில் வேகம் அதிகம். கூடவே கொழுப்புக்குத் தனி எண் வரும். பிரான்சில் உருவாகி 2003-இல் சந்தைக்கு வந்த கருவி இது. இன்று வசந்த் குஞ்சில் உள்ள கல்லீரல் மருத்துவமனையான ஐஎல்பிஎஸ்ஸிலும் எய்ம்ஸிலும் அன்றாடப் புழக்கம்.

8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு பெரும்பாலும் இல்லை என்று எழுந்து வரலாம். மேலே போனால்தான் யோசனை. சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூடும், குறைந்தது மூன்று மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். மஞ்சள் காமாலை உச்சத்தில் இருக்கும்போதும், இதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கும்போதும் பொய்யாக ஏறும். வயிற்றில் நீர் கோத்திருந்தால் அளக்கவே முடியாது. பருமனானவர்களுக்கு எக்ஸ்எல் என்ற வேறு புரோப் உண்டு, அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ரிப்போர்ட்டில் ஐக்யூஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். எண் 7-க்கு மேல் வந்து அந்தச் சதவீதம் 30-ஐயும் தாண்டியிருந்தால், அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். மறுபடி எடுக்கச் சொல்லலாம். எம்ஆர்ஐ-யில் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி இதைவிடத் துல்லியம்தான், ஆனால் விலையும் காத்திருப்பும் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

ஃபைப்ரோஸ்கேன் இன்னொரு குழாயையும் மிச்சப்படுத்துகிறது. சிரோசிஸ் தொடங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்திருக்கிறதா என்று பார்க்க முன்பு எல்லாருக்கும் எண்டோஸ்கோபி செய்வார்கள். 2015-இல் வந்த, சர்வதேச நிபுணர்களின் பவேனோ வழிகாட்டலின்படி, விறைப்பு 20-க்குக் கீழும் பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேலும் இருந்தால் அதைத் தவிர்க்கலாம்.

ஆக, தழும்பை அளக்க என்றால் என் ஓட்டு ஃபிப்-4, அதன் பிறகு ஃபைப்ரோஸ்கேன். உடலே தன் கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் வகை, காரணமே பிடிபடாத கோளாறு, மாற்றுக் கல்லீரலை உடல் ஏற்காத சந்தேகம், இப்படிப்பட்ட இடங்களில் பயாப்சிக்கு இன்னும் மாற்று இல்லை.

இரைப்பை: ஊதினால் போதுமா?

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் என்று கண்டுபிடித்த ஆஸ்திரேலியர்கள் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டிய ஆள். இந்தக் கிருமி யூரியாவை உடைக்கும். அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவை விழுங்கக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஊதச் சொன்னால், மூச்சில் அந்தக் கார்பன் வந்தால் கிருமி உள்ளே இருக்கிறது. கார்பன்-14 வகையில் கதிர்வீச்சு மிகச் சொற்பம், இருந்தாலும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கார்பன்-13 தான் நல்லது. மலத்தில் ஆன்டிஜென் பார்க்கும் சோதனையும் ஏறக்குறைய இதே தரம்.

ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதை மட்டும் நான் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுவேன். எப்போதோ வந்துபோன கிருமிக்கும் அது பாசிட்டிவ் காட்டும். பெரியவர்களில் பெரும் பகுதியினர் இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கும் நம் நாட்டில் அந்த பாசிட்டிவை வைத்து என்ன செய்வது?

மூச்சுச் சோதனை ஏமாற்றுவது பெரும்பாலும் நம் கைங்கரியத்தால். காலையில் காபிக்கு முன் ஒரு பான்டாப்ரசோல் (அமிலம் குறைக்கும் மாத்திரை) என்பது பல வீடுகளில் நித்திய கர்மா. அதை நிறுத்தி இரண்டு வாரம், ஆன்டிபயாட்டிக் முடிந்து நாலு வாரம் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘நெகட்டிவ்’ வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக் குறைவு, கறுத்த மலம், விடாத வாந்தி, ரத்தசோகை, அல்லது ஐம்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கிய வயிற்று உபாதை என்றால் ஊதிக்கொண்டிருக்க வேண்டாம். நேரே எண்டோஸ்கோபி. மூச்சு கிருமியைக் காட்டும், கட்டியைக் காட்டாது.

சப்பாத்தியும் சிறுகுடலும்

வட இந்தியாவில் சுமார் நூற்றில் ஒருவருக்கு சீலியாக் நோய், அதாவது கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் சேதமாவது. தெற்கில் இது மிகக் குறைவு. அதனால் ‘நமக்கு எங்கே வரப்போகிறது’ என்று டெல்லியில் நம் குடும்பங்களில் கண்டுகொள்வதில்லை, வளராத குழந்தைக்கு டானிக்தான் வாங்குகிறார்கள். டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை நல்ல வாசல். குழந்தைகளுக்கு அது இயல்பைவிடப் பத்து மடங்கு இருந்து, இன்னொரு ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் பயாப்சி வேண்டாம் என்று ஐரோப்பிய குழந்தை மருத்துவ அமைப்பு 2020-இல் சொன்னது. பெரியவர்களுக்குப் பொதுவாக இன்னும் பயாப்சிதான். சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் ரத்தமும் பயாப்சியும் சேர்ந்தே பொய் சொல்லும்.

அடிக்கடி பேதி, வயிற்று வலி என்பவர்களுக்கு மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தைப் பார்க்கலாம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடலில் அழற்சி இல்லை, பெரும்பாலும் ஐபிஎஸ் என்ற, அழற்சி இல்லாத குடல் கோளாறு; பெருங்குடலுக்குள் குழாய் விடும் கொலனோஸ்கோபி தப்பியது. அதிகமாக இருந்தால் காரணம் தெரியாது. முட்டி வலி மாத்திரையும் அதை ஏற்றும், சாதாரணத் தொற்றும் ஏற்றும். குடல் காசநோயா, கிரோன் என்ற குடல் அழற்சி நோயா என்ற நம் ஊர்ச் சிக்கலை இது தீர்க்கவே தீர்க்காது. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதை மோசமாக்கக் கூடும் என்பதால் அங்கே பயாப்சிக்காகக் குழாய் விடுவது தண்டனை இல்லை, பாதுகாப்பு.

கேமரா மாத்திரை பார்க்க ஜோர். 2001-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. சுமார் எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் படங்கள்வரை எடுக்கும். குழாய் எளிதில் எட்டாத சிறுகுடலில் மறைவாக ரத்தம் கசிந்தால் இதற்கு நிகர் இல்லை. இரைப்பைக்கும் பெருங்குடலுக்கும் குழாய்க்கு மாற்றாக இதைக் கேட்பது வீண்: துணுக்கு எடுக்காது, கழுவாது, செலவும் பல்லாயிரம். குடல் சுருங்கியவர்களுக்கு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வெளியேறிவிட்டது என்று உறுதியாகும் வரை எம்ஆர்ஐ பக்கம் போகக் கூடாது.

பித்தக்குழாய்க் கல் சந்தேகத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேன் கல்லைப் பார்க்க, வாய் வழியே குழாய் விடும் ஈஆர்சிபி அதை எடுக்க. வெறுமனே பார்ப்பதற்காக ஈஆர்சிபி செய்து கணைய அழற்சியை வரவழைத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது.

பெருங்குடல் புற்றுநோய்

ஃபிட் என்ற மலப் பரிசோதனை மனித ரத்தத்தை மட்டும் தேடும். பழைய சோதனைபோல் உணவுக் கட்டுப்பாடு கிடையாது, ஒரு மாதிரி போதும், விலை குறைவு. புற்றுநோயில் சுமார் நான்கில் மூன்று பங்கை ஒரே தடவையில் பிடிக்கும். வருடா வருடம் செய்தால் தவறவிடுவது இன்னும் குறையும். 2024-இல் அமெரிக்கா அனுமதித்த ஷீல்டு ரத்தப் பரிசோதனை புற்றுநோயில் 83 சதவீதத்தைப் பிடித்தது, கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் புற்றாக மாறக் காத்திருக்கும் முற்றிய பாலிப்புகளில் (குடலின் உள்சுவரில் வளரும் சதை மொட்டுகள்) அது கண்டது 13 சதவீதம்தான். கொலனோஸ்கோபியோ பாலிப்பைப் பார்த்த கையோடு வெட்டி எடுத்துவிடும். முந்தைய நாள் பேதி மருந்தும் அலைச்சலும் அந்த ஒரு காரணத்துக்காகவே தகும், குறிப்பாக அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் வந்திருந்தால்.

மற்றவர்கள் ஃபிட்டில் தொடங்கலாம். பாசிட்டிவ் வந்தால் ‘மூலமாக இருக்கும்’ என்று இன்னொரு லேபில் மறுபடி கொடுத்து நெகட்டிவ் வாங்கி நிம்மதியாகிற பழக்கம்தான் ஆபத்து. கட்டி தினமும் கசிவதில்லை, இரண்டாவது டப்பா முதல் டப்பாவை ரத்து செய்யாது. ஒரு தடவை பாசிட்டிவ் வந்தாலே கொலனோஸ்கோபிக்கு நாள் குறித்துவிட வேண்டும், அதுவும் ஆறு மாதத்துக்குள்.