எச்சரிக்கை: "கனடாவில் பயோடெக் மாஸ்டர்ஸ்" என்று நம்பி 2,40,000 ரூபாயைப் பறிகொடுத்தேன்

நேற்று மத்தியானம் பாளையங்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் அப்பாவை நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள். தை மாதத்தில் அதே கதவை உள்ளிருந்து திறந்துவிட்டு, "வாங்க அண்ணாச்சி, செருப்பெல்லாம் கழத்த வேண்டாம், சும்மா வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனவர்கள்தான். இடையில் எங்கள் வீட்டிலிருந்து 2,40,000 ரூபாய் அவர்கள் கைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நைட் ஷிஃப்ட் வண்டி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் கன்சல்டன்சி அது. போலீஸில் மனு கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி. தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி லேபில் இரண்டு வருடமாக மைக்ரோபயாலஜி பார்க்கிறேன். 25 கிராம் இறாலில் சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது, கிருமி வளர்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் விப்ரியோ என்ற கிருமி மஞ்சளாக வருகிறதா பச்சையாக வருகிறதா என்று பார்ப்பது, பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போடுவது. வேலை பிடிக்கும். ஆனால் மேலே போக மாஸ்டர்ஸ் வேண்டும். பி.எச்.டி. வரை ஆராய்ச்சி என்று உட்கார எனக்குப் பொறுமையும் கிடையாது, வீட்டில் வசதியும் கிடையாது. அதனால்தான் 'ப்ரொஃபஷனல் மாஸ்டர்ஸ்' என்பது கண்ணில் பட்டதும் அதையே பிடித்துக்கொண்டேன். ஆய்வேடு எழுத வேண்டாம். உயிரி மருந்து தயாரிப்பு, தரக் கட்டுப்பாடு, மருந்துக்கு அரசு அனுமதி வாங்கும் ரெகுலேட்டரி வேலை, கொஞ்சம் மேலாண்மை என்று பாடங்கள். நடுவில் சில மாதம் கம்பெனியில் சம்பளத்தோடு வேலை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் மிசிசாகா வளாகத்தில் 'மாஸ்டர் ஆஃப் பயோடெக்னாலஜி' என்ற இரண்டு வருடப் படிப்பு இப்படித்தான் நடக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த மாடிப்படி ஏறினேன்.

பொங்கல் முடிந்த வாரம். கவுன்சிலர் என்று ஒருவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னிடம் மார்க் ஷீட்டைக் கேட்பதற்கு முன்னால் அப்பாவிடம் ஊரைக் கேட்டார். அம்பாசமுத்திரம் பக்கம் என்று அப்பா ஊர்ப்பெயரைச் சொன்னதும், "அட, எங்க மைனி ஊருல்லா அது!" என்று எழுந்தே நின்றுவிட்டார். மைனி வீட்டுத் தெரு, வாய்க்கால் பாலம், பிள்ளையார் கோயில் என்று அடுக்கினார். பாதி அவர் சொன்னார், மீதியை அப்பாவே எடுத்துக் கொடுத்தார் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. எந்த ஊரில்தான் பிள்ளையார் கோயில் இல்லை? சுக்குக் காபி வந்தது. நான் தங்கச்சி ஆனேன். "தங்கச்சி பயோடெக்கா? அப்ப சீட்டு வீட்டு வாசலுக்கு வரும் அண்ணாச்சி. கனடால இந்தப் படிப்புக்கு ஆள் கெடைக்காம இருக்கான்."

நான் ஒரு கேள்வி கேட்டேன். அதையாவது கேட்டோமே என்று இப்போது மனதைத் தேற்றிக்கொள்கிறேன். "மூணு வருஷ பி.எஸ்சி.க்கு மாஸ்டர்ஸ் கொடுப்பாங்களா? நாலு வருஷம் கேக்காங்கன்னு போட்டிருக்கே?" உண்மையிலேயே கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு நாலு வருட இளங்கலையைத்தான் கேட்கின்றன. பி.டெக். படித்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் அசரவே இல்லை. "ரெண்டு வருஷம் லேப்ல இருந்துருக்கீங்கல்லா, அதையும் சேத்துக்குவான் தங்கச்சி" என்றார். மூன்றும் இரண்டும் ஐந்து. கூட்டல் சரியாக வந்ததால் நம்பிவிட்டேன்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய போஸ்டர்: எஸ்.டி.எஸ். முறையில் இருபதே நாளில் விசா. மாணவர் விசாவைச் சீக்கிரம் கொடுப்பதற்காக வைத்திருந்த அந்த எஸ்.டி.எஸ். முறையைக் கனடா அரசு 2024 நவம்பர் 8-ஆம் தேதியே நிறுத்திவிட்டது. நாங்கள் போனது 2025 தையில். செத்துப்போன திட்டத்தின் போஸ்டருக்குக் கீழே உட்கார்ந்து சுக்குக் காபி குடித்திருக்கிறோம்.

அன்றைக்கே பதிவுக் கட்டணம் 40,000, ஜிபே. இரண்டு வாரம் கழித்து 'சீட் பிளாக்' பண்ண 1,10,000. அதை வேறு யாரோ ஒருவர் பெயரில் இருந்த அக்கவுண்டுக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். மாசியில் ஃபைல் சார்ஜ், விசா சார்ஜ், இன்னும் என்னென்னவோ சார்ஜ் என்று 90,000 ரொக்கம். அது அம்மாவின் செயின். கூட்டுறவு வங்கியில் அடகு வைத்த பணம். ஆக 2,40,000. என் சம்பளத்தில் பதினாலு மாதம்.

அந்த 90,000 கொடுத்த நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அஞ்சு ரூபாய் கொத்தமல்லிக்கும் பற்று எழுதுவார். சொந்தத் தம்பிக்கே சிட்டை போட்டுத்தான் சரக்கு எடுத்துக் கொடுப்பார். நான் ரசீது என்று வாயெடுத்ததும் அந்த ஆள் சிரித்துக்கொண்டே, "தங்கச்சிக்கு அண்ணன் மேல நம்பிக்கை இல்ல போல அண்ணாச்சி" என்றார். அப்பா முகம் சுருங்கிவிட்டது. "ஏட்டி, சும்மா இரு" என்று என்னைத்தான் அதட்டினார். எழுதாதது நடக்காதது என்றுதான் லேபில் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தார்கள். தட்டை இன்குபேட்டரில் வைத்த நிமிடத்தைக்கூட நான் எழுதுவேன். அப்படிப்பட்ட நான், கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு படி இறங்கினேன்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "யுனிவர்சிட்டி போர்ட்டல் டவுன்". அடுத்து "டெல்லி டீம்ட்ட கேட்டிருக்கோம்". பங்குனியில் போன் பண்ணினால், "அண்ணன் உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்காங்க". இதற்கு அப்பா, "அது போகத்தானே செய்யணும்" என்று அந்த ஆளுக்காக என்னிடம் நியாயம் பேசினார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவைக் கும்பிடப் போகிறவன் ஏமாற்ற மாட்டான் என்பது அவர் கணக்கு. உத்திரம் ஒரு நாள்தான். இவர் சாஸ்தா கோயிலில் பதினெட்டு நாள் இருந்தார்.

சித்திரைக் கடைசியில் வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்தது. லேபில் உடை மாற்றும் அறையில் நின்றபடியே திறந்தேன். பல்கலைக்கழகம் இல்லை, ஒரு காலேஜ். படிப்பின் பெயர் பயோடெக்னாலஜிதான். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'கிராஜுவேட் சர்டிபிகேட், இரண்டு செமஸ்டர்' என்று இருந்தது. நாலு பக்கக் கடிதத்தில் மாஸ்டர் என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. தேடிப் பார்த்தேன்.

உடனே போன் போட்டேன். "கிராஜுவேட்னாலே மாஸ்டர்ஸ்தானே மேடம்." கவனித்தீர்களா, மேடம். தங்கச்சி அன்றைக்கே செத்துப்போனாள். "அங்க போயி யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம் மேடம், எல்லாரும் அப்படித்தான் போறாங்க." இதுவும் பொய். கனடாவுக்குப் போன பிறகு காலேஜ் மாற வேண்டுமென்றால் அங்கே படிப்பதற்கு அரசு தரும் அனுமதியான ஸ்டடி பெர்மிட்டுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விதி வந்ததும் அதே 2024 நவம்பர் 8-ஆம் தேதிதான். மாறினாலும் எந்தப் பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொள்ளும்? அதே மூணு வருட பி.எஸ்சி.தானே? சர்டிபிகேட் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. வேலைக்கான பயிற்சி என்று தெரிந்து போகிறவர்கள் போகட்டும். நான் கேட்டது அதையல்ல, பணம் கட்டியதும் அதற்கல்ல.

காலேஜுக்கு நானே மின்னஞ்சல் போட்டேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. இரண்டே நாளில் பதில் வந்தது. கடிதம் உண்மையானதுதானாம். ஆனால் முன்பணம் வரவில்லை, கெடு முடிந்துவிட்டது, இடம் போய்விட்டது. விண்ணப்பத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையதே அல்ல. என் பெயரோடு மூன்று எண்களைச் சேர்த்து அவர்களே உருவாக்கியது. காலேஜ் அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் அதற்குத்தான் போயிருக்கின்றன. அப்படியானால் என்னுடைய 1,10,000 எந்தச் சீட்டை பிளாக் பண்ணியது? போலி ஆஃபர் லெட்டரில் ஏகப்பட்ட பேர் மாட்டிய பிறகு, 2023 டிசம்பரிலிருந்து கனடா அரசு ஒவ்வொரு கடிதத்தையும் அந்தந்தக் கல்வி நிலையத்திடமே கேட்டுச் சரிபார்க்கிறது. அதனால்தான் இப்போது கடிதத்தை உண்மையாகவே வாங்கிக் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கும் சரக்கை மாற்றுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஆனியில் திரும்பக் கேட்டோம். "தேரோட்டம் மேடம், ஆபீஸ் லீவு." நெல்லையப்பர் தேர் நிலைக்கு வந்த பிறகும் இவர்கள் ஆபீஸ் நிலைக்கு வரவில்லை.

நேற்று அப்பா கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்தார். வாசலில் புதுப் பெண் ஒருத்தி, "சார் மீட்டிங்ல இருக்காங்க" என்றாள். கண்ணாடி வழியாகவே சார் தெரிந்தார். எதிரே வேறொரு அப்பா, கையில் சுக்குக் காபி. நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "சர்வீஸ் சார்ஜ் ரீஃபண்ட் கெடையாது மேடம், ஃபார்ம்ல சைன் பண்ணிருக்கீங்கல்லா." 90,000 ரொக்கம் கொடுத்தோமே என்றேன். "எந்த 90,000?" பிறகு குரலை இறக்கி, "ஒரு 50,000 மட்டும் கட்டுங்க, அயர்லாந்துக்கு மாத்தித் தாரோம்" என்றார். 2,40,000 ரூபாயைத் தின்றுவிட்டு, தொட்டுக்கொள்ள இன்னும் 50,000 கேட்கிறார்.

எனக்கு வார்த்தை வரவில்லை. அப்பாதான் மெதுவாகக் கேட்டார். "ஒங்க மைனி பேரு என்ன தம்பி?"

அந்த ஆள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் அப்பா ஒன்றும் பேசவில்லை. சேரன்மகாதேவி தாண்டும்போது, "ரசீது வேண்டாம்னது நான்தான்" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

இன்று காலை ஸ்டேஷனில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியாயிற்று. ஆன்லைனில் அனுப்பிய தொகைகளுக்கு சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் போன் பண்ணிப் பதிவு செய்தோம். அடுத்து நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசி வருடம் எங்கள் காலேஜ் மேடம் ஜி.ஏ.டி.-பி. எழுதச் சொன்னார். பயோடெக் முதுகலைக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு அது. அதில் நல்ல மார்க் எடுத்தால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் மாதிரி மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவு தரும் இடங்களில் எம்.எஸ்சி. சேரலாம். அவர்களே மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். "மதுரைக்குப் போறதுக்கா பயோடெக் எடுத்தேன்?" என்று அன்றைக்குச் சிரித்தேன். மதுரை பஸ்ஸுக்கு 2,40,000 ரூபாய் ஆகாது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், வண்டி வரப் பத்து நிமிடம்தான் இருக்கிறது. ஆஃபர் லெட்டரில் பட்டத்தின் பெயர் இருக்கும் வரியை முதலில் பாருங்கள். மாஸ்டர் என்று எழுத்தில் இல்லையென்றால் அது மாஸ்டர்ஸ் இல்லை. விண்ணப்பம் உங்கள் மின்னஞ்சலில்தான் போக வேண்டும், பாஸ்வேர்ட் உங்களிடம் இருக்க வேண்டும். மூணு வருட பி.எஸ்சி. எடுபடுமா என்று பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறார்கள். கனடா ஸ்டடி பெர்மிட்டுக்கு அரசுக் கட்டணம் 150 கனடா டாலர், கைரேகைக்கு 85 கனடா டாலர், நீங்களே ஆன்லைனில் கட்டலாம். காசு வாங்கிக்கொண்டு விசா விண்ணப்பம் செய்துதர அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும்தான் அனுமதி, உரிம எண்ணைக் கேளுங்கள். ரொக்கம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மிச்சம் ஏதாவது இருந்தால் காலையில் வந்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் ஒன்றரை மணிபோல பாளையங்கோட்டையில் ஒரு மாடி அலுவலகத்தில், பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு சுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்த பெரியவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பதிவை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. இன்னும் பணம் கட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.