கையில பேண்டு, பையில தூசி மீட்டர்: கிருஷ்ணகிரில வெச்சு பார்த்த ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், காத்துல எவ்ளோ தூசின்னு அச்சு அசலா நம்பர் வேணும்னா இத வாங்காதீங்க. எந்த இடம் எந்த இடத்தவிட மோசம், அங்க போனா நம்ம ஒடம்பு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சிக்கணும்னா தாராளமா வாங்கலாம்.

ரெண்டு ஐட்டம். ஒண்ணு எல்லாரும் கட்டுற ஸ்மார்ட் பேண்டு. இன்னொண்ணு தீப்பெட்டிய விட கொஞ்சம் பெருசா, பையில மாட்டிக்கிற பி.எம். 2.5 மீட்டர், அதாவது காத்துல மெதக்குற ரொம்ப நுண்ணிய தூசிய அளக்குறது, உள்ள குட்டி ஃபேன் காத்த இழுக்கும், லேசர் வெளிச்சம் தூசில பட்டு சிதறுறத வெச்சு கணக்கு போடும். ரெண்டு ஆப்லயும் நேரம் பதிவாகுது, ஃபோன் லொகேஷனோட சேத்து பார்த்தா எந்த தெருவுல எந்த நேரத்துல என்ன ஆச்சுன்னு புடிச்சிடலாம்.

எங்கப்பாவுக்கு வீசிங். பெங்களூர் ரோட்டு சர்வீஸ் ரோட்டுலதான் தெனம் வாக்கிங், சொன்னா கேக்க மாட்டாரு, "நடந்தா நல்லதுதானடா"ம்பாரு. லண்டன்ல 60 வயசு தாண்டினவங்கள ரெண்டு மணி நேரம் ஆக்ஸ்ஃபோர்டு தெருவுலயும் வேற ஒரு நாள் ஹைட் பார்க்லயும் நடக்க விட்டு பார்த்தாங்க, லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. ஆக்ஸ்ஃபோர்டு தெருவுல அப்ப டீசல் பஸ்ஸும் டாக்ஸியும்தான் ஓடுச்சு. பார்க்ல நடந்தப்ப நுரையீரலுக்கும் ரத்தக்குழாய்க்கும் கெடச்ச நன்மை, பஸ் புகையில நடந்தப்ப பெருசா கெடைக்கல. அத படிச்சிட்டுதான் இத வாங்கி அவரு பையில மாட்டி விட்டேன்.

சர்வீஸ் ரோட்டுல லாரி வரிசையா நிக்கிறப்ப மீட்டர் எகிறுது, கே.ஆர்.பி. டேம் பக்கம் போனா பாதிக்கும் கீழ எறங்குது. ஆனா ஒரு விஷயம், பனி மூட்டமா இருக்கிற காலைல டேம்லயும் செகப்பு காட்டும், அது புகை இல்ல, ஈரத்துல தூசி உப்பிக்கிறதையும் பனித்துளியையும் சேத்து எண்ணிடுது. வெயில் ஏறினப்புறம் பார்த்தாதான் நம்பலாம். இன்னொண்ணு, கிரானைட் கம்பெனி பக்கம் சட்டையெல்லாம் வெள்ளையா மாவு மாதிரி படியுது, மீட்டரோ பச்சை! பெரிய துகள் இந்த சின்ன சென்சார் கண்ணுக்கு சரியா தெரியாது. அதனால அந்தப்பக்கம் இருக்கறவங்க பச்சைய பார்த்து சும்மா இருந்துடாதீங்க, கல்லு தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

ஆப்ல கொடுக்குற செகப்பு மஞ்சள் எச்சரிக்கை சுத்த வேஸ்ட். பி.எம். 2.5க்கு நம்ம நாட்டு அளவு ஒரு கன மீட்டர் காத்துக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல 15னு கொறச்சிருச்சு, ரெண்டுமே 24 மணி நேர சராசரிக்கு சொன்னது, ரவுண்டானால ரெண்டு நிமிஷம் நின்னப்ப வந்த நம்பர அதோட ஒப்பிட்டு பயமுறுத்தினா எப்படிங்க.

பேண்டு பத்தி என்ன சொல்ல. ஒக்காந்திருக்கறப்ப ஹார்ட் பீட் பரவால்ல, பச்சை லைட் தோலுக்குள்ள ரத்தம் ஓடுறத பார்த்து எண்ணுது, வேர்த்து வழிஞ்சா இல்ல லூஸா கட்டினா ஒளறும். டிராஃபிக்ல பீட் ஏறினா புகையாலதான்னு சொல்லிட முடியாது, வெயில், ஹாரன், டென்ஷன் எல்லாம் அதுல இருக்கு. ஆக்ஸிஜன் அளவு மணிக்கட்டுல எடுக்கறத நான் கண்டுக்கறதே இல்ல, அதுவும் நம்மள மாதிரி கருப்பு தோல்ல வெரல்ல மாட்டுற மிஷினே கூட்டி காட்டலாம்னு ஆய்வு இருக்கு. தூக்கம் மட்டும் உபயோகமா இருந்துச்சு, ஹைவே பக்கத்து ரூம்ல படுத்தா ராத்திரி முழிச்சு முழிச்சு எழுந்த கோடு தெளிவா தெரியுது, பின்னாடி ரூம்ல அது கொறஞ்சிடுச்சு. குடியிருப்பு பகுதில ராத்திரி 45 டெசிபல் தாண்டக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கு, ஏர் ஹாரன்காரங்களுக்கு யார் சொல்றது.

ரோட்டவிட மோசமா காட்டின இடம் எது தெரியுமா, எங்க வீட்டு ஹால்தான், கதவ சாத்திட்டு கொசுவத்தி ஏத்தின ராத்திரி. டோல்கேட்டெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. ஒரு கொசுவத்தி வெளிய விடுற நுண்தூசி 75ல இருந்து 137 சிகரெட் விடுறதுக்கு சமம்னு 2003லயே ஒரு ஆய்வு வந்திருக்கு, நம்பல, கண்ணால பார்த்தப்புறம் அன்னிக்கே நிறுத்தி கொசுவலை கட்டியாச்சு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிய மட்டும் அம்மா விட மாட்டேன்னுட்டாங்க, சரி ஜன்னலயாவது தொறங்கன்னு சமாதானம்.

அப்பா இப்ப டேம் பக்கம்தான் நடக்கறாரு, நான் சொன்னதுக்காக இல்ல, மீட்டர் சொல்லுச்சாம்.

ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா மீட்டர் வாங்குங்க, அதுவும் தெருவுல நாலு வீடு சேந்து ஒண்ணு வாங்கினாலே போதும், ஒரு வாரம் சுத்தி பார்த்துட்டா மேல தெரிஞ்சிக்க பெருசா ஒண்ணும் இல்ல. ஃபேன் ஓடிட்டே இருக்கறதால சார்ஜ் ஒரு நாள் தாங்கறதே கஷ்டம். ஃபேன் ஓட்டைல தூசி அடைச்சா நம்பர் தப்பா வரும், அப்பப்ப மெல்ல ஊதி விடுங்க. டப்பால கேபிள் மட்டும்தான் வருது, அடாப்டர் கெடையாது.