உள்ளரங்கக் குளிரூட்டல்: கூரையிலிருந்தா, இருக்கைக்கு அடியிலிருந்தா?

எட்டாயிரம் பேர் உட்காரும் ஒரு பல்நோக்கு உள்ளரங்கத்துக்குக் குளிரூட்டும் முறையை முடிவு செய்த குழுவில் நானும் இருந்தேன். கடைசியில் இரண்டு வழிகள் மிஞ்சின. முதலாவது, கூரைச் சட்டத்தில் பெரிய டக்ட்டுகளை (காற்றுக்குழாய்களை) தொங்கவிட்டு, நாசில்கள் என்னும் குறுகிய வாய்கள் வழியாகக் குளிர்காற்றைக் கீழே பாய்ச்சுவது. இரண்டாவது, கேலரிப் படிகளுக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தையே காற்றறையாக்கி, ஒவ்வோர் இருக்கையின் கீழும் ஒரு சிறிய டிஃப்பியூசர் (காற்றைப் பரப்பிவிடும் துளைமூடி) வழியாகக் காற்றை மெல்ல விடுவது. அந்தக் காற்றறையைப் பிளீனம் என்போம்.

கேலரி முழுவதற்கும் இரண்டாவது வழியை எடுத்தோம். நடுத்தளத்துக்கும், முன்னால் இழுத்து விரிக்கும் மடக்கு இருக்கைகளுக்கும் மட்டும் கூரையிலிருந்து காற்று வருகிறது. அதனால் நான்கு வருடமாக ஒரே கட்டடத்தில் இரண்டு முறைகளையும் பராமரித்து வருகிறோம். இன்று மறுபடி கேட்டாலும் இருக்கைக்கு அடியில் என்றுதான் சொல்வேன்.

மின்சாரக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூரையிலிருந்து வரும் காற்று அரங்கம் முழுவதும் கலந்து, 25 மீட்டர் உயரத்தில் யாருமே இல்லாத இடத்தையும் சேர்த்துக் குளிர வைக்கிறது. அதற்கு 13, 14 டிகிரியில் காற்று வேண்டும். இருக்கைக்கு அடியில் என்றால் 19 டிகிரி போதும். உட்கார்ந்திருப்பவரின் உடலிலிருந்து சுமார் 70 வாட் வெப்பம் காற்றைச் சூடாக்குகிறது. ஓர் இருக்கைக்கு நொடிக்கு 12 லிட்டர் காற்று விட்டால், அது 19-இலிருந்து 24 டிகிரிக்கு ஏறி, தானாகவே மேலே போய்விடும். விளக்குகளின் சூடும் கூரையோடு நின்றுவிடுகிறது.

வெளிக்காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் ஊரில் இந்த லாபம் குறையும். ஈரத்தைப் பிரிக்கக் காற்றை எப்படியும் 13 டிகிரி வரை இறக்கியாக வேண்டும். பிறகு அதை 19-க்கு ஏற்ற வேண்டும். திரும்பி வரும் காற்றில் ஒரு பங்கை, காற்றைக் குளிர வைக்கும் காயிலுக்குள் விடாமல் சுற்றி அனுப்பி, குளிர்ந்த காற்றோடு கலந்தால் ஹீட்டர் இல்லாமலே சமாளிக்கலாம். அப்படிச் சுற்றிப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பைபாஸ் டேம்பரை வரைபடத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

என்னைப் பொறுத்தவரை இதையெல்லாம் மிஞ்சும் கேள்வி ஒன்று உண்டு: பழுது வந்தால் கை எட்டுமா?

பல்நோக்கு அரங்கம் நாள் கணக்கில் வாடகைக்குப் போகிறது. இன்று கூடைப்பந்து, நாளை இசை நிகழ்ச்சி, மறுநாள் மாநாடு. நடுத்தளத்துக்கு மேலே ஒரு நாசிலின் ஆக்சுவேட்டர் (அதை அசைக்கும் சிறு மோட்டார்) மாட்டிக்கொண்டது. பத்து நிமிட வேலைதான். ஆனால் கேட்வாக் என்னும் கூரையடி நடைபாதையிலிருந்து அது எட்டாது. ஆளை உயரத் தூக்கும் பூம் லிஃப்ட் வண்டியை உள்ளே கொண்டுவர வேண்டும், அதற்கு முன் மரத்தளம் நசுங்காமலிருக்கப் பலகை பரப்ப வேண்டும், மேலே தொங்கும் ஸ்பீக்கர்களையும் ஒதுக்க வேண்டும். அரங்கம் காலியாக இருக்கும் நாள் கிடைக்க மூன்று வாரம் காத்திருந்தோம். அதுவரை அந்த மூலையில் உட்கார்ந்தவர்களின் தலையில் குளிர்காற்று நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அதே மாதிரி ஓர் ஆக்சுவேட்டர் கேலரிக்கு அடியில் பழுதானபோது, மேலே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எங்கள் டெக்னீஷியன் கதவைத் திறந்து பிளீனத்துக்குள் நடந்துபோய் மாற்றிவிட்டு வந்தார். தரையில் நின்று செய்யும் வேலைக்கும் 25 மீட்டர் உயரத்தில் பெல்ட் கட்டிக்கொண்டு செய்யும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த வேலைக்கு ஆளை அனுப்புகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒருவரை மேலே அனுப்பும் ஒவ்வொரு முறையும் அவர் இறங்கும்வரை எனக்கு நிம்மதி இருப்பதில்லை. அப்படி அனுப்ப வேண்டிய தடவைகள் குறைவதே இந்த முறையை நான் விரும்ப முதல் காரணம்.

பிளீனத்தில் அழுக்கு சேரும், அது உண்மை. கொட்டிய குளிர்பானம், பாப்கார்ன், டிக்கெட் துண்டு எல்லாம் படியிலிருந்து உள்ளே விழும். துளை படியின் கிடைப்பரப்பில் இருந்தால் தொல்லை அதிகம். நிமிர்ந்த முகப்பில் வைத்தால் பெரும்பகுதி தவிரும். மாதம் ஒரு முறை கூட்டித் துடைக்கிறோம். கூரை டக்ட்டுக்குள்ளும் தூசி படியத்தான் செய்கிறது. கண்ணில் படாததால் அதை யாரும் பேசுவதில்லை.

கட்டும்போதுதான் இந்த முறை கழுத்தை நெரிக்கும். பிரீகாஸ்ட் (முன்பே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட்) படிகளின் இணைப்புகளில் சரியாகச் சீல் செய்யவில்லை என்றால், காற்று இருக்கைக்குப் போகாமல் வெளி நடைபாதைக்குக் கசியும். எங்கள் ஒப்பந்ததாரர் ஒரு பக்கத்தை அரைகுறையாக முடித்திருந்தார்; இருக்கைகள் பொருத்திய பிறகுதான் அது தெரிந்தது. பாதி இருக்கைகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. இருக்கை வருவதற்கு முன்பே அழுத்தச் சோதனை நடந்திருந்தால் இந்த வேலையே இருந்திருக்காது.

இன்னொரு சிக்கல், குளிர்காற்று கனமானது என்பதால் படிப்படியாக வழிந்து கீழ் வரிசைகளில் தேங்கும். திறந்த முதல் மாதத்தில் கணுக்கால் சில்லிடுகிறது என்ற புகார் எல்லாம் கீழ் வரிசைகளிலிருந்துதான் வந்தது. கீழ் வரிசைகளுக்கு ஒரு டிகிரி கூட்டி, காற்றின் அளவையும் குறைத்தோம், அடங்கியது.

பேட்மின்டன் நடத்துவதாக இருந்தால் அதிகம் யோசிக்கவே வேண்டாம். ஷட்டிலின் எடை 4.74 முதல் 5.50 கிராம், டேபிள் டென்னிஸ் பந்து 2.7 கிராம். லேசான காற்றே அவற்றைத் தள்ளிவிடும். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் குளிர்சாதனக் காற்று பாதித்ததாக ஜப்பான் பேட்மின்டன் அணி குறைப்பட்டது, ஏற்பாட்டாளர்கள் மறுத்தார்கள். அந்த வாக்குவாதமே எழாமல் இருப்பது நல்லது. நாங்கள் அன்றைக்கு நடுத்தளக் காற்றை முழுக்க நிறுத்திவிடுகிறோம். கேலரியில் இருப்பவர்களுக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

இசை நிகழ்ச்சிக்காரர்கள் முதலில் கேட்பது கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத்தான். டக்ட் குறைந்தால் அந்தப் பாரம் அவர்களின் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் போகிறது.

கூரை முறை எங்கே சரி? பெரும்பாலும் மடக்கு இருக்கைகளே உள்ள சின்ன அரங்கம், அல்லது படிக்கு அடியில் இடமே இல்லாத பழைய கட்டடம். அங்கே இருக்கைக்கு அடியில் என்று பிடிவாதம் பிடிப்பது வீண். அளவு பெரிதானால் இந்த முறை தாங்குமா என்று தயங்க வேண்டியதில்லை. 2014-இல் திறந்த 55,000 இருக்கைகள் கொண்ட சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கிலும் பார்வையாளர்களுக்குக் குளிர்காற்று இருக்கைப் பக்கத்திலிருந்தே வருகிறது. பனித்தளம் போடும் அரங்கத்தில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அங்கே கேலரியிலிருந்து வழியும் காற்றின் ஈரம் பனிமேல் மூட்டமாகலாம் என்பதால், அதை ஓட்டிப் பார்த்தவரின் பேச்சைக் கேளுங்கள்.

சரி, இருக்கைக்கு அடியில் என்று முடிவு செய்துவிட்டால், பிளீனத்துக்குள் போகும் கதவை ஆள் நிமிர்ந்து நுழையும் உயரத்துக்குக் கேளுங்கள். எங்கள் மேற்குக் கேலரியில் அது இடுப்பளவுதான் இருக்கிறது. ஃபில்டர் பெட்டியை இன்னும் தவழ்ந்துதான் உள்ளே தள்ளுகிறார்கள்.