முகத்தில் எவ்வளவு கை வைக்கலாம்? போட்டோ டச்சப்பின் நான்கு அளவுகள்

ஸ்டுடியோவில் படம் எடுத்து முடித்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றுதான்: முகத்தைக் கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள். எந்த அளவுக்கு என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நடைமுறையில் நான்கு அளவுகள் இருக்கின்றன. ஒன்றும் தொடாமல் விடுவது. வந்து போகும் குறைகளை மட்டும் நீக்குவது. நிலையான கோடுகளையும் நிழல்களையும் தணிப்பது. மூக்கு, தாடை, நிறம் என முகத்தையே மாற்றுவது. மென்பொருளில் எது எளிது என்பதை வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் படத்தை யார், எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடாமல் விடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாஸ்போர்ட், விசா படங்களில் முகத்தைத் திருத்தக் கூடாது. அங்கே ஒப்பிடுவது அதிகாரியும் இயந்திரமும். செய்திப் படங்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். மற்ற இடங்களில் தொடாத படம்தான் உண்மையான படம் என்று வாதிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிரில் உட்கார்ந்து பேசும்போது நம் கண்ணில் படாத தோல் துளைகளைக்கூட இன்றைய லென்ஸ் எண்ணிக் காட்டிவிடுகிறது. அன்று காலை முளைத்த பரு, கல்யாண ஆல்பத்தில் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே இரண்டாவது அளவு. இரண்டு வாரம் கழித்து அந்த முகத்தில் இது இருக்குமா என்று கேட்டுக்கொண்டால் போதும். பரு, சவரத்தில் பட்ட கீறல், கொசுக்கடி, பல்லில் ஒட்டிய லிப்ஸ்டிக், கலைந்த கண் மை, மூக்கின் மேல் உதிர்ந்த குங்குமத் துகள், இவை இருக்காது, எடுத்துவிடலாம். தனி லேயரில் (மூலப் படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கு), பக்கத்துத் தோலைக் கொண்டு குறையை மூடும் ஹீலிங் பிரஷால் செய்தால் ஒரு முகத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். பிடிக்கவில்லை என்றால் லேயரை அணைத்துவிடலாம். மச்சம் அப்படியல்ல. பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக எழுதப்பட்டது அது. தானியங்கிச் செயலிகளில் பல, மச்சத்தையும் பருவையும் ஒரே கணக்கில் துடைத்துவிடுகின்றன. மூக்குத்தியின் ஓரத்தையும் சேர்த்துக் குழப்புகின்றன. உரியவரே கேட்டாலொழிய மச்சத்தைத் தொடக் கூடாது.

மூன்றாவது அளவில்தான் கைவேலையின் தரம் தெரியும். அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த ஓர் அம்மாளின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்போம். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆண்டுக்கணக்கில் ஸ்டிக்கர் பொட்டு வைத்ததால் நெற்றியில் வெளிறிய தடம். மண்டப விளக்குகள் உச்சியிலிருந்து விழுவதால் எல்லாப் பள்ளங்களும் இருக்கிற ஆழத்தைவிட ஆழமாகத் தெரிகின்றன. விளக்கு கூட்டிய ஆழத்தைக் குறைப்பது நியாயம். கோட்டையே அழித்தால் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டி அந்நியமாகிவிடுவார். கோடுகளைத் தனி லேயரில் நீக்கிவிட்டு, லேயரின் அடர்வை 40 அல்லது 50 சதவீதத்துக்கு இறக்கினால், கோடு பாதி தணிந்து தன் இடத்திலேயே இருக்கும்.

இந்த வேலைக்கு இரண்டு போட்டி முறைகள் உண்டு. ஃப்ரீக்வென்சி செபரேஷன் முறை படத்தை இரண்டாகப் பிரிக்கிறது: நிறமும் நிழலும் ஒரு லேயரில், தோலின் நுண்ணமைப்பு இன்னொன்றில். நிறமும் நிழலும் உள்ள கீழ் லேயரை மட்டும் மென்மையாக்கினால் தோல் துளைகள் தப்பிவிடும் என்பதே அதன் கணக்கு. வேகமான முறைதான். ஆனால் மங்கலாக்கும் அளவைச் சற்றுக் கூட்டினால்கூடக் கன்னத்தின் வளைவு தட்டையாகி, முகம் மெழுகுப் பொம்மை போல ஆகிவிடும். ஆல்பத்தின் 12×36 அங்குல விரிப்பில் அது பளிச்சென்று தெரியும். டாட்ஜ் அண்ட் பர்ன் முறையில், 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, இருண்ட புள்ளியை வெளிறச் செய்தும் வெளிறியதை இருட்டியும் சிறு தூரிகையால் சமன்செய்கிறோம். தோலின் அமைப்பு கலைவதே இல்லை. ஆனால் நேரம் பிடிக்கும். பிலிம் காலத்து டச்சப் கலைஞர் கூர்மையாகச் சீவிய பென்சிலால் நெகட்டிவ் மீது செய்ததும் ஏறக்குறைய இதுதான். நெகட்டிவில் அடர்த்தி கூடிய இடம் அச்சில் வெளிறும். அம்மைத் தழும்புகள் மறைந்தது அப்படித்தான். பெரிதாக மாட்டப்போகும் ஒற்றைப் படத்துக்கு நான் தயங்காமல் டாட்ஜ் அண்ட் பர்னைத்தான் சொல்வேன். நூற்றுக்கணக்கான ஆல்பப் படங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே பரு நீக்குவதோடு நிறுத்திக்கொள்வதே மேல்.

ஏஐ கருவிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். படத்திறப்புக்காக ஒரு குடும்பம் இறந்தவரின் படத்தைக் கொண்டுவரும். பல வீடுகளில் இருப்பது அடையாள அட்டைப் படம் அல்லது ஏதோ ஒரு கூட்டப் படத்தின் ஓரத்தில் நின்ற முகம். 2021இல் வெளியான ஜிஎஃப்பி-கேன் போன்ற கருவிகள் அந்த மங்கலான முகத்தை நொடிகளில் கூர்மையாக்கிவிடும். ஆனால் இல்லாத விவரத்தை அவை எடுப்பது அந்த மனிதரிடமிருந்து அல்ல. தாங்கள் பயின்ற ஏராளமான பிற முகங்களிலிருந்து. இமையின் மடிப்பும் பல்வரிசையும் வேறு யாருடையவோ ஆகிவிடும். இந்தப் படத்தைக் குடும்பம் தன் நினைவோடு ஒப்பிடும். இது அப்பா இல்லையே என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், எவ்வளவு தெளிவான படமும் வீண். சற்று மங்கலாகவே, சிறிய அளவில் அச்சிட்டுக் கொடுங்கள். கீறல், கறை, மடிப்பு ஆகியவற்றைக் கையால் நீக்குங்கள். கண்களைக் கருவியிடம் ஒப்படைக்காதீர்கள்.

நான்காவது அளவான முகமாற்றம் இப்போது மிக மலிவு. 2016இல் போட்டோஷாப்பில் வடிவத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை கருவி முகங்களை அடையாளம் காணத் தொடங்கியதிலிருந்து மூக்கின் அகலம், தாடை, உதடு எல்லாம் ஸ்லைடருக்குள் வந்துவிட்டன. விளம்பரங்களில் இதன் தீங்கை உணர்ந்த நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. மாடலின் உடலமைப்பைத் திருத்திய வணிகப் படங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2017இல் பிரான்ஸ் விதித்தது. 2022 முதல் நார்வேயில் உடலின் அளவு, வடிவத்தோடு தோலைத் திருத்தினாலும் அறிவிக்க வேண்டும்.

நம் ஊரில் இது அதிகம் காயப்படுத்துவது வரன் பார்க்கக் கொடுக்கும் படத்தில். அந்தப் படத்தை நேரில் வந்து நிற்கும் முகத்தோடு ஒப்பிடப்போகிறார்கள். லைட்ரூம் மென்பொருளில் ஆரஞ்சு நிறத்தின் ஒளியளவை ஏற்றினால் மாநிறம் சிவப்பாகிவிடும். பெண்ணைப் பெற்றவர்களே அதைக் கேட்கவும் செய்வார்கள். நான் கூடாது என்றே சொல்வேன். நேரில் பார்த்தவர்கள் முகம் சுளித்தால் அடிபடுவது அந்தப் பெண். ஸ்லைடரை நகர்த்தியவர் அங்கே இருக்கமாட்டார். மண்டபத்து ஊதா விளக்கு முகத்தில் ஏற்றிய சாயத்தை எடுப்பது வேறு விஷயம். கிரே கார்டு என்ற சாம்பல் அட்டையை வைத்து ஒயிட் பேலன்ஸை (விளக்கின் நிறச்சாயலை ஈடுகட்டும் அமைப்பை) சரிசெய்தால் மாநிறம் மாநிறமாகவே, அழகாக, வரும்.

வடிவத்தில் ஒரே ஒரு விலக்கு உண்டு. 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில், 5 அடியிலிருந்து எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் வெளியான அமெரிக்க மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அப்படி வந்த படத்தில் மூக்கைச் சற்றுக் குறைப்பது நியாயமே. அதைவிட நல்லது, 85 மி.மீ. லென்ஸோடு ஆறடி தள்ளி நின்று எடுப்பது. முகம் கோணலாக இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டால், லிக்விஃபையைத் திறக்கும் முன் படத்தை இடம்வலமாகத் திருப்பிக் காட்டுங்கள். தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம் அதுதான் என்பதால் பலர் அதிலேயே சமாதானமாகிவிடுவார்கள்.

இதையெல்லாம் படம் எடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும். முன்பணம் வாங்கும்போதே ஒரே முகத்தின் மூன்று நிலைகளை அச்சிட்டுக் காட்டி, எந்த அளவு வேண்டும் என்று கேளுங்கள். படத்தில் இருக்கப்போகிறவரிடமே கேளுங்கள். கூட வந்த சித்தியின் விருப்பம் பிறகு. கோடு தணிக்கும் வேலைக்குத் தனிக் கட்டணத்தையும் சொல்லிவிடுங்கள். திருத்தாத மூலக் கோப்பை எப்போதும் சேர்த்தே கொடுங்கள்.