தடுப்புச் சுவர் நிழலில் வளர்த்த செடிகள்: ஒரு நீண்ட கால அனுபவம்

ஏற்காட்டில் வீடு கட்டிவரும் நண்பர், சரிவைத் தாங்கி நிற்கும் கருங்கல் தடுப்புச் சுவரை ஒட்டி, வெயில் விழாத இடத்தில் அதிகப் பராமரிப்புக் கேட்காத செடி எதை வைக்கலாம் என்று கேட்டிருந்தார். எங்கள் வீட்டுச் சுவரில் கொத்தனார் வேலை முடிந்த வாரத்தில் அந்தக் கேள்வி வந்ததால், பதிலில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கிறது.

கோபமெல்லாம் ஃபைக்கஸ் புமிலா மீதுதான். நர்சரிகளில் 'வால் கிரீப்பர்' என்று கிடைக்கும் இந்தக் கொடி, ஆலும் அத்தியும் சேர்ந்த பேரினத்தைச் சேர்ந்தது. நியாயமாகச் சொன்னால், நிழலில் இவ்வளவு நன்றாக வளரும் செடி எங்கள் தோட்டத்தில் வேறு இல்லை. வடக்குப் பார்த்த சுவர், மேலே சில்வர் ஓக் மரங்களின் நிழல். இருந்தும் வேர் பிடித்த பிறகு நீரும் கேட்கவில்லை, உரமும் கேட்கவில்லை. சிறிய இலைகள் கல்லோடு ஒட்டிப் படர்ந்து சுவர் முழுவதையும் பசுமையாக்கின.

ஆனால், தடுப்புச் சுவர் அழகுக்காகக் கட்டப்படுவதில்லை. மழைக்காலத்தில் பின்னால் உள்ள மண் நீரை வாங்கிக் கனக்கும். அந்த நீர் வடியத்தான் சுவரில் 'வீப் ஹோல்' எனப்படும் துளைகளை விடுகிறார்கள். அவை அடைபட்டால் நீரின் அழுத்தம் சுவரின் மேல் விழும். சுவர் முதலில் பிதுங்கும், கவனிக்காவிட்டால் சரியும். ஈரத்தைத் தேடிச் செல்லும் இந்தக் கொடியின் வேர்கள், எங்கள் சுவரின் துளைகளில் பதித்திருந்த பிவிசி குழாய்களுக்குள் புகுந்து மெத்தை போல அடைத்துவிட்டன. வடகிழக்குப் பருவமழையின்போது துளைகளில் நீர் வராமல் கல் இணைப்புகளில் கசிந்ததைப் பார்த்த பிறகே கொத்தனாரை அழைத்தோம். அவர் குழாய்களிலிருந்து இழுத்துப் போட்ட வேர்க் கற்றைகளைப் பார்த்தபோது, "பராமரிப்பே தேவையில்லை" என்று சொல்லி விற்ற நர்சரிக்காரர் மீது எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது. தவிரவும், கொடி முதிர்ந்ததும் இலைகள் பெரிதாகி, கட்டையான கிளைகள் சுவரை விட்டு வெளியே நீளத் தொடங்குகின்றன. தொடர்ந்து கத்தரித்தால்தான் அடங்கும்.

நண்பர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். நிழல் ஒன்றாக இருந்தாலும், சுவரின் தலையும் அடியும் ஒரே நிலம் அல்ல. பின்பக்கம் சல்லி நிரப்பியிருப்பதால் மேல் ஓரத்தில் நீர் தங்குவதில்லை. அங்கே ஸ்நேக் பிளான்ட்டும் ஸ்பைடர் பிளான்ட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கின்றன. அதே ஸ்நேக் பிளான்ட்டைச் சுவரடியில் வைத்தால், துளைகளிலிருந்து வடியும் ஈரத்தில் கிழங்கு அழுகிவிடும். அடிப்பகுதிக்குப் பெரணிகளே ஏற்றவை. மாண்டோ புல் இரண்டு இடத்துக்கும் பொருந்தும், ஆனால் படர்வதற்குப் பொறுமை வேண்டும். வெடிலியா வேண்டவே வேண்டாம்: கணுவுக்குக் கணு வேர்விட்டு எல்லாவற்றையும் மூடும் அந்தக் கொடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது, நிழலில் சரியாகப் பூப்பதும் இல்லை.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி, யாரும் நடாமல் வந்தது. கொடியை விலக்கிய பகுதியில், காரை இடுக்குகளில், காற்றில் வந்த வித்துகளிலிருந்து பெரணிகள் தாமாக முளைத்திருக்கின்றன. அவற்றின் மெல்லிய வேர்கள் இடுக்கோடு நின்றுவிடுகின்றன. குழாயை அடைக்கும் அளவுக்கு இதுவரை எதுவும் பருக்கவில்லை. அவற்றின் நடுவே பறவை எச்சத்திலிருந்து அரசங்கன்றோ ஆலங்கன்றோ தலைகாட்டினால் மட்டும், இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

மதிப்பெண் போட்டால், நிழல், நீர், உரம் என்று ஒவ்வொன்றிலும் ஃபைக்கஸ் புமிலாதான் முதலிடம் பெறும். துளைகளே இல்லாத படிக்கட்டுப் பக்கச் சுவரில் அதை இன்னும் விட்டுவைத்திருக்கிறேன். அங்கே அது மிக அழகாக இருக்கிறது. ஆனாலும் நண்பருக்கு அதிலிருந்து ஒரு துண்டுகூட வெட்டித் தரப்போவதில்லை.