ஒரே தீபாவளிக்கு வாங்கிய இரண்டு லேப்டாப்: எதைப் பழுது பார்ப்பது, எதை மாற்றுவது?

2018 தீபாவளிக்கு எங்கள் சொந்தத்தில் இரண்டு வீடுகளில் லேப்டாப் வாங்கினார்கள். ஒன்று குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பார்க்கும் சித்தப்பாவுக்கு. இன்னொன்று சத்துவாச்சாரியில் டியூஷன் எடுக்கும் அத்தைக்கு. இப்போது இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதுக்கு இன்னும் செலவு பண்ணலாமா, இல்ல புதுசு வாங்கிடலாமா?"

வெளியே பார்த்தால் பதில் சுலபம் போலத் தெரியும். சித்தப்பாவின் லேப்டாப் கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கிறது, வேகம்தான் இல்லை. அத்தையுடையதில் ஒரு பக்கம் கீல் உடைந்து, மூடியைத் திறந்தால் திரையின் பின்மூடி தனியாகப் பிளக்கிறது. பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது, அழுத்தினால் க்ளிக் விழுவதில்லை. யாரிடம் காட்டினாலும் அத்தையுடையதைத் தூக்கிப் போடச் சொல்வார்கள். நான் சொல்வது நேர் எதிர்: அத்தையுடையதைச் சரி செய்யலாம், சித்தப்பாவுடையதில் காசு போட வேண்டாம்.

காரணம், லேப்டாப்பின் மூளையான பிராசசர். சித்தப்பாவுடையது ஐ3-7020யூ, அத்தையுடையது ஐ5-8250யூ. இன்டெல்லின் இந்தப் பெயர்களில் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்தான் தலைமுறை. ஒன்று ஏழாம் தலைமுறை, மற்றது எட்டு. அந்த வருஷம் கடைகளில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்றார்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பிராசசர் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள், அது ஓடவும் ஓடும். ஆனால் ஜிஎஸ்டி கணக்கும் வங்கி வேலையும் நடக்கிற மெஷினில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஆக, வாங்கிய வருஷத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் பிராசசர் பெயர் இருக்கும். இன்டெல் இல்லாமல் ஏஎம்டி கம்பெனி பிராசசர் என்றால், ரைசன் 2000 வரிசையோ அதற்குக் கீழோ இருந்தால் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பழுது பார்க்கும் பக்கம் வருவோம். எல்லாப் பழுதும் ஒன்றல்ல. ஃபைல்களைச் சேமிக்கும் சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போடுவதுதான் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தரும் வேலை. பழைய 5400 ஆர்பிஎம் டிஸ்க் விநாடிக்கு நூறு எம்பி அளவில் படித்தாலே பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறைத் தாண்டும். சின்னச் சின்ன ஃபைல்களை அங்கங்கே தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பெரிது, ஆன் செய்துவிட்டுக் காத்திருக்கிற அவஸ்தை அதனால்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் எப்போதும் நூறு சதவீதத்தில் நின்றால் குற்றவாளி அதுதான். அதே இடத்தில் மெமரியை அழுத்தினால் ராம் (ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். மெலிசான மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கூட்ட முடியாது. கூட்ட முடிந்தாலும், 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதன் விளைவு. பழைய விலையை மனதில் வைத்துக் கடைக்குப் போனால் அதிர்ச்சிதான்.

பேட்டரியும் போடலாம். ஆனால் உப்பிய பேட்டரியோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கடைக்குக் கொண்டுபோங்கள். குத்துவது, அழுத்தி உட்கார வைப்பது எல்லாம் தீப்பிடிக்கிற சமாசாரம். பேட்டரி உப்பவில்லை, ஆனால் நிற்கவில்லை என்றால், கமாண்ட் விண்டோவில் powercfg /batteryreport என்ற கட்டளையைக் கொடுத்தால் புதிதாக இருந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று சொல்லிவிடும். பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றுங்கள்.

நம்ம வேலூர் வெயிலை இங்கே சொல்லியாக வேண்டும். மே மாதம் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற ஊரில், மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மெத்தை மேல் வைத்து ஓட்டுகிற லேப்டாப் என்ன பாடு படும்? அத்தையுடையதைக் கடையில் திறந்தபோது நின்று பார்த்தேன். ஃபேனுக்கும் காற்று வெளியேறும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்து, ட்வீசரால் இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. பிராசசர் மேல் தடவியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இப்படி அடைத்துக்கொண்டால் சூடு தாங்காமல் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்லோ ஆகிவிட்டது என்று பலர் புது லேப்டாப் வாங்கக் கிளம்புவது இந்தத் தூசிக்காகத்தான். முதலில் சர்வீஸ் செய்து பாருங்கள், அப்புறம் வேண்டுமானால் கடைக்குப் போகலாம்.

கீல் உடைந்தால் பெரும்பாலும் உடைவது கீல் அல்ல, அதன் திருகுகள் இறங்கியிருக்கிற பிளாஸ்டிக் தூண்கள். அரால்டைட் போட்டு ஒட்டித் தருவார்கள். சில மாதம் தாங்கும், மறுபடி விடும். அந்த மூடிப் பாகத்தையே மாற்றுவதுதான் சரியான வேலை, உங்கள் மாடலுக்குப் பாகம் கிடைத்தால்.

எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்டு கதை வேறு. அத்தையுடையதைப் பார்த்த கடைத் தம்பியிடம் போர்டு போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "போர்டுல கை வெச்சா நான் கேரண்டி தர மாட்டேண்ணா, இன்னிக்கு ஓடும், நாளைக்குச் சொல்ல முடியாது" என்றான். நேர்மையான பதில். போர்டில் இருக்கிற சிப்புகளையே பழுது பார்க்கிற சிப் லெவல் வேலையில் சில பழுது நிரந்தரமாகச் சரியாகும், சிலது சூடு காட்டி உயிர் கொடுத்த கேஸ், ஒரு வெயில் காலம் தாண்டாது. ஏழெட்டு வருஷ மெஷினில் போர்டு போனால் நான் டிஸ்கை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன்.

அத்தைக்கு எஸ்எஸ்டி, பேட்டரி, மூடி, கூடுதல் ராம் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்துக்குள் சொன்னார்கள். மூன்று வருஷம் ஓடினால் வருஷத்துக்கு நாலாயிரம்கூட இல்லை. அதே வேலைக்கு நாற்பத்தைந்தாயிரத்தில் புதிது வாங்கி ஆறு வருஷம் வைத்திருந்தால் வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. ஆன்லைன் வகுப்பும் வினாத்தாள் டைப் செய்வதும்தான் வேலை என்கிறபோது இரண்டாவது கணக்கில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

சித்தப்பாவுக்கு? அவருடையதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டு எஸ்எஸ்டி மாற்றினால் நன்றாக ஓடும், ஆனால் அவர் வேலை டேலியில். டேலி விண்டோஸில் ஓடுகிற கணக்கு மென்பொருள். அதனால் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவது என்றதும் ஷோரூம் ஞாபகம் மட்டும்தான் வருகிறது எல்லோருக்கும். என் ஓட்டு ரீஃபர்பிஷ்டு, அதாவது சரி செய்து மறுபடி விற்கிற, பிசினஸ் லேப்டாப்புக்கு: கம்பெனிகளில் ஓடி, மொத்தமாகக் கைமாறி வரும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகையறா. கீபோர்டு உறுதி, பல மாடல்களில் அடிமூடியைக் கழற்றினால் ராமும் டிஸ்கும் கைக்கெட்டும் இடத்தில். காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை சென்ட்ரல், அங்கிருந்து கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு ஆட்டோ தூரம். வேலூரிலேயே வாங்கினால் விலை கொஞ்சம் கூடலாம், ஆனால் பிரச்சினை வந்தால் திரும்பப் போய் நிற்க ஒரு கடை இருக்கும். வயதானவர்களுக்கு நான் வேலூரையே சொல்வேன்.

ரீஃபர்பிஷ்டு வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். பேட்டரி ரிப்போர்ட்டைக் கடையிலேயே எடுத்துப் பாருங்கள். விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும் பயாஸ் அமைப்பை யாராவது பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்களா பாருங்கள். முக்கியமாக, உங்கள் மொபைல் நெட்டில் இணைத்து முதலிலிருந்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பழைய கம்பெனியின் பூட்டு நீங்காமல் இருந்தால் அந்த நேரத்தில் அவர்கள் பெயரோடு லாகின் பக்கம் வந்து நிற்கும். ரீசெட் செய்ய முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

புத்தம் புதிது யாருக்கு? விஐடி மாதிரி பொறியியல் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள், நாலு வருஷம் தினமும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது. வீடியோ எடிட்டிங், கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடம் செய்பவர்களுக்கும் அப்படியே. ராம் பற்றவைத்த மாடல் என்றால் பதினாறு ஜிபியாகவே வாங்கிவிடுங்கள், பின்னால் கூட்டலாம் என்று எட்டோடு வந்தால் கடைசி வரை எட்டுதான்.

எந்த வழி போனாலும் பழைய டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். சில நூறு ரூபாயில் யுஎஸ்பி கேஸ் கிடைக்கிறது, அதில் போட்டால் ஃபைல் எடுக்க எக்ஸ்டர்னல் டிஸ்க் தயார். சித்தப்பாவின் பழைய பில் எல்லாம் அதில்தான் இருக்கிறது.